அடகு வைத்த அட்டை

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு கருவி. எலெக்ட்ரீசியன் வைத்திருக்கிற குறட்டுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். கட்டர் என்பார்கள். அதை வைத்துத்தான் இந்தக் கதை. லேசான கதை இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் யாராவது இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள், என் செல்லங்களே.

கை முறிந்தால் மாவுக்கட்டு போடுவார்கள் இல்லையா? தாடை உடைந்தால் மேல் பல்வரிசையையும் கீழ் பல்வரிசையையும் சேர்த்து மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுவார்கள். நாலு வாரம், ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. குடிப்பதெல்லாம் பல் இடுக்கு வழியாகத்தான். அப்படி இருப்பவருக்கு வாந்தி வந்தால் அது வெளியே வராது, நேரே நுரையீரலுக்குப் போகும். அதனால் அந்த மாதிரி நோயாளி படுத்திருக்கிற ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் வெள்ளை நாடாவில் ஒரு கட்டர் தொங்கும். ஆபத்தென்றால் பக்கத்தில் இருப்பவர் எட்டி எடுத்து நாலே நாலு கம்பியை வெட்டினால் போதும், வாய் திறந்துவிடும்.

வாய், தாடை அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படிக்கிற ஒரு பெண் அந்த வார்டில் இருந்தாள். இரண்டாம் வருடம். ஆள் குட்டை. ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு ஏறி நின்றால்தான் நோயாளியின் வாய் கண்ணுக்குத் தெரியும். அதனால் அவளுக்கு முக்காலி என்று பெயர் வந்தது. நோயாளிகளுக்கு மட்டும்தான் அவள் டாக்டர்.

"பல் டாக்டருக்கு என்னடி அப்படித் தலை போகிற வேலை? கல்யாணத்துக்கு வர முடியலையாம். பல்லு என்ன எழுந்து ஓடியா போயிடும்?" என்று அவள் சித்தி போனில் சிரிப்பாள். முக்காலியும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவாள். சித்தி தனியாக அரைமணி நேரம் பேசிய நாளும் உண்டு.

வேலை எப்படி என்று கேளுங்கள். காலை ஆறரைக்கு வார்டு. முப்பது கட்டில். எல்லாருக்கும் புண் துடைத்து, மருந்து வைத்து, ரத்தம் எடுத்து, எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் வரும்போது ஒவ்வொருவரின் கதையையும் காகிதம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். பிறகு தியேட்டர். கன்னத்தில் புற்று வந்தவர்களுக்குச் செய்கிற ஆபரேஷன் எட்டு, ஒன்பது மணி நேரம் போகும். அத்தனை நேரமும் ஸ்டூலில் நின்று, வெட்டிய கன்னத்தைக் கொக்கியால் ஒதுக்கிப் பிடித்திருக்க வேண்டும். கை மரத்துப்போய், அது தன் கைதானா என்று சந்தேகம் வந்துவிடும். அது முடிந்தால் அவசரப் பிரிவு. முகம் நசுங்கி வருகிறவர்கள், கழுத்து வீங்கி மூச்சு அடைத்து வருகிறவர்கள். அது விடிந்தால் மறுபடி ஆறரை. மேற்படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதோடு ஒரு பதிவுப் புத்தகம் வேறு. இத்தனை பல், இத்தனை தாடை என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பவரின் கையெழுத்து வேண்டும். தாடைக் கட்டு மட்டும் நாற்பது. அவளுக்கு முப்பது ஆகியிருந்தது.

பதினோராம் கட்டிலில் ஒரு பெயிண்டர். நாலாவது மாடிக்கு வர்ணம் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவன். கீழே கிடந்த மணல் உயிரைக் காப்பாற்றியது, தாடை இரண்டு இடத்தில் போனது. அவனுக்குக் கட்டுப் போட்டது முக்காலிதான். அவளுடைய முப்பதாவது. துணைக்கு அவன் தங்கச்சி மட்டும். தையற்கடையில் வேலை பார்க்கிறவள்.

வாய் கட்டியபின் பெயிண்டர் ஒரு நோட்டில் எழுதித்தான் பேசினான். முதலில் எழுதியது: "இனி என் தங்கச்சிக்குத்தான் யோகம். எதிர்த்துப் பேச ஆள் இல்ல."

"சும்மா சொல்றான் டாக்டர். எழுதியே திட்டறான். அதுல எழுத்துப் பிழை வேற," என்றாள் தங்கச்சி.

முக்காலி அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கட்டரைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். "இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. நிமிர்ந்து நிக்கிற கம்பியை மட்டும் வெட்டணும். வேற எதையும் தொடக் கூடாது. எங்க, தொட்டுக் காட்டுங்க."

தையற்காரி விரல், ஒரே தடவையில் நாலையும் தொட்டது. பெயிண்டர் கட்டரைக் காட்டி நோட்டில் எழுதினான்: "வாய்ச் சாவி. பத்திரம்."

"ஏதாவதுன்னா என்னைத் தேடுங்க. நான் இங்கதான் எங்கேயாவது இருப்பேன்," என்றாள் முக்காலி. அது பொய் இல்லை. அவள் வேறெங்கும் இருந்ததே கிடையாது.

இப்போது அந்த வார்டின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் தாடைக் கட்டுப் போடும் அறையில் ஒரு கட்டர் இருந்தது. மழுங்கிப்போன கட்டர். கம்பியைக் கடிக்குமே தவிர வெட்டாது. புதிது வேண்டுமென்று ஸ்டோருக்கு ஆறு கடிதம் போயிருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் மேற்படிப்பு டாக்டர்கள் அவசரத்துக்குக் கட்டிலில் தொங்குகிற கட்டரை எடுத்துப் போவார்கள். எடுத்தவர் யார் என்று தெரிய, தன் அடையாள அட்டையை அதே நாடாவில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இதற்கு அடகு வைப்பது என்று பெயர். கட்டரைத் திருப்பினால் அட்டையை மீட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடம், கால் மணி நேரம், அதற்குள் திருப்பிவிடுவார்கள். யாருக்கும் எதுவும் ஆனதில்லை. எதுவும் ஆகாத வரைக்கும் எல்லாமே நல்ல பழக்கம்தான், இல்லையா?

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. முக்காலி முந்தின நாள் காலை ஆறரைக்கு வந்தவள். ஒன்பது மணி நேரம் கொக்கி பிடித்து, பிறகு அவசரப் பிரிவு பார்த்து, காலையில் மறுபடி வார்டு பார்த்து முடித்தபோது மதியம் ஒன்றரை. வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து வெளிநோயாளிப் பிரிவுக்குத் தாடை உடைந்து ஒருவர் வந்தார். பைக்கிலிருந்து விழுந்த வாத்தியார். அவளுடைய முப்பத்தொன்றாவது.

"விட்டுட்டுப் போயேன். சாயங்காலம் நான் போட்டுக்கறேன்," என்றான் அவளுக்கு மேலே இருந்த மூன்றாம் வருடக்காரன். எதற்கும் மணி பார்த்துக்கொண்டே பேசுவான், அதனால் அவன் பெயர் கடிகாரம்.

"இல்லண்ணா, முப்பத்தொண்ணு ஆயிடும். முடிச்சிட்டே போறேன்."

இரண்டு கம்பி முறுக்குவதற்குள் மழுங்கின கட்டர் வழுக்கி அவள் கையுறையைக் கிழித்தது. மாடியேறி வார்டுக்குப் போனாள். அன்றைக்கு வார்டில் கட்டர் தொங்கியது பதினோராம் கட்டிலில் மட்டும்தான். பெயிண்டர் தூங்கிக்கொண்டிருந்தான். தங்கச்சி துணி அலசப் போயிருந்தாள். முக்காலி கட்டரை அவிழ்த்தாள், அட்டையை மாட்டினாள்.

அந்த வார்டுக்கு மூத்த நர்ஸ் ஒருத்தி. முப்பது வருடம் பார்த்தவள். எல்லாருக்கும் அக்கா. மேஜையிலிருந்து கண்ணாடிக்கு மேலே பார்த்தாள்.

"என்ன முக்காலி டாக்டர், அடகா?"

"அரைமணி நேரம்கா."

"ரெண்டு மணிக்கு நான் கட்டரைப் பாத்து டிக் போடணும்."

"பாத்ததா வச்சிக்குங்கக்கா. இதோ வந்துட்டேன்."

அக்கா இரண்டு மணிக்குப் பதிவேட்டில் பதினோராம் கட்டிலுக்கு நேரே டிக் போட்டாள்.

வாத்தியாருக்குக் கட்டு முடிந்தபோது மணி இரண்டே முக்கால். கட்டரைக் கழுவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாத்தியாரை அனுப்பினாள். குறிப்பு எழுத மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தேதி எழுதினாள். நோயாளியின் வயது எழுதினாள். அப்புறம் பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு காகிதத்தின் ஓரம் வரைக்கும் போனது. அவள் தலை மேஜையில் சாய்ந்திருந்தது. போனில் சார்ஜ் இல்லை.

செல்லங்களே, இந்த இடத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெயிண்டர் தூக்கத்திலிருந்து எழுந்து கொஞ்சம் பால் உறிஞ்சினான். நாலு நிமிடம் கழித்துக் கண் பெரிதாக விழித்தது, வயிறு எக்கியது. தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை, கையைப் பிசையவில்லை. சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒரு கையால் அண்ணனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே மறுகையைத் தலைமாட்டுக்கு நீட்டினாள். நாடா கிடைத்தது. இழுத்தாள். கையில் வந்தது ஒரு அட்டை. அதில் முக்காலி டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஓடி வந்தாள். உறிஞ்சுகிற மெஷின் வேறொரு கட்டிலில் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் கம்பியை வெட்டப் பார்த்தாள், கத்தரிக்கோல்தான் வளைந்தது. பெயிண்டரின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

தங்கச்சி அந்த அட்டையோடு ஓடினாள். அவள் நினைத்தது என்ன தெரியுமா? ஆபத்தென்றால் இந்த டாக்டரைத் தேடு என்று சொல்லத்தான் அட்டையை மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று. வராண்டாவில் எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் அட்டையை நீட்டினாள். "இவங்க எங்க? இவங்களைப் பாத்தீங்களா?" மாடி இறங்கினாள். மருந்துச் சீட்டு வரிசையில் நின்றவர்களிடம் காட்டினாள். துடைப்பத்தோடு நின்ற ஒருவர்தான் கை காட்டினார், அந்த மூலை அறையில் பார்த்தேன் என்று.

முக்காலியை யாரோ உலுக்கினார்கள். கண் திறந்ததும் முதலில் தெரிந்தது தன் முகம்தான். அட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், "அண்ணன்... சாவி இல்ல டாக்டர்," என்றது.

அவள் கை கோட்டுப் பைக்குப் போனது.

அப்புறம் படியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வார்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்து ஓடிவந்த எலெக்ட்ரீசியன் கட்டில் மேல் ஒரு முட்டி போட்டு, தன் குறட்டால் மூன்றாவது கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். நாலாவதை அவள் வெட்டினாள். வாயைத் திறந்து, உறிஞ்சி, குழாய் போட்டு, நெஞ்சை அமுக்கி, நின்றுபோன நாடியைத் திரும்பக் கொண்டுவந்தாள். கை ஒரு இடத்திலும் தவறவில்லை. படித்த படிப்பெல்லாம் கையில் இருந்தது. நேரம்தான் கையில் இல்லை.

பெயிண்டரை மூச்சு மெஷினில் வைத்தார்கள். அவன் கண் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடிகாரம் அவளைத் தியேட்டருக்குப் பின்னால் கூப்பிட்டான். முதல் தடவையாக மணி பார்க்காமல் பேசினான்.

"கட்டர் எங்க?"

"திரும்ப மாட்டிட்டேன்."

"நல்லது. அட்டை?"

"அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு."

"சரி, அதுல என்ன எழுதியிருக்கு? உன் பேரும் படமும்தானே. எடுத்தேன்னு எழுதலையே. ரெண்டு மணிக்குக் கட்டர் இருந்ததுன்னு சிஸ்டர் டிக் போட்டிருக்காங்க. நாளை மறுநாள் விசாரணை. நீ பேசாம இரு, காகிதம் பேசட்டும்."

"அக்கா என்னை நம்பிப் போட்ட டிக் அண்ணா அது."

"எனக்குத் தெரியாதா? நானும் பத்துத் தடவை அடகு வச்சவன்தான். உன் இடத்துல நான் இருந்திருக்கலாம். அதனாலதான் சொல்றேன். அவங்களுக்கு இன்னும் பத்து மாசத்துல ஓய்வு. உனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவன் கெட்டவன் இல்லை. முந்தின வாரம் அவள் எழுந்து நிற்க முடியாமல் இருந்தபோது அவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவன். தண்ணீரில் மூழ்குகிறவன் இன்னொருவனுக்குச் சொல்கிற யோசனை அப்படித்தான் இருக்கும்.

புதன்கிழமை அவள் தூங்கவில்லை. புதன்கிழமையும் வார்டு இருந்தது, தியேட்டர் இருந்தது. ஸ்டூலில் ஏறி நின்று கொக்கி பிடித்தாள்.

வியாழக்கிழமை பெரிய டாக்டரின் அறை. அவரும் அலுவலகத்து ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் வார்டுப் பதிவேடு திறந்திருந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த டிக் உங்களுதா?" என்றார் அலுவலகத்து ஆள்.

"என்னுதுதான்."

"கட்டரைக் கண்ணால பாத்துதான் போட்டீங்களா?"

அக்கா முக்காலியின் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, திட்டுகிற பார்வையும் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"சிஸ்டர், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"கட்டர் என் பையில இருந்தது சார்," என்றாள் முக்காலி. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "ஒண்ணே முக்காலுக்கு நான்தான் எடுத்தேன். அட்டையை அடகு வச்சிட்டு எடுத்தேன். சொன்ன நேரத்துக்குத் திருப்பல. கீழ தூங்கிட்டேன்."

"அடகா? அது என்ன?" என்றார் அலுவலகத்து ஆள்.

முக்காலி விளக்கினாள். பெரிய டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது யாரைப் பார்த்தும் பேசவில்லை.

"எங்க காலத்துல அந்த நாடாவுல கைக்கடிகாரத்தைக் கட்டிட்டுப் போவோம்," என்றார். "அப்பவும் அந்த ரூம் கட்டர் மழுங்கல்தான்."

அலுவலகத்து ஆள் பேனாவை மூடிவைத்தார். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

எழுதிக்கொண்டது இதுதான்: முக்காலி இரண்டாம் வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். முப்பத்தொரு தாடையும் கணக்கில் இல்லை. அக்காவை வார்டிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். நோயாளியின் வீட்டாரிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது, அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள், "ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீங்க. ரெண்டு ராத்திரி என் புருஷன் என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டார். எழுந்து எழுந்து டிக் போட்டுட்டிருந்தேன்." பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெயிண்டர் இறந்துபோனான். நுரையீரல் முழுக்கச் சீழ்.

திங்கட்கிழமை தங்கச்சி அவன் சாமான்களை வாங்கிப்போக வார்டுக்கு வந்தாள். ஒரு ஜோடிச் செருப்பு, வர்ணம் தெறித்த ஒரு சட்டை, நோட்டு. பதினோராம் கட்டிலில் அதற்குள் வேறு ஆள். பையைத் தரையில் வைத்துவிட்டு அட்டையை எடுத்து முக்காலியிடம் நீட்டினாள்.

"உங்களோடது டாக்டர். அன்னைக்கு இதை வச்சித்தான் உங்களைக் கண்டுபிடிச்சேன். இல்லைன்னா அண்ணன் அன்னைக்கே போயிருப்பான். அஞ்சு நாள் அவன் கையைப் பிடிச்சிட்டு இருக்க முடிஞ்சது உங்களாலதான்."

முக்காலி அட்டையை வாங்கவில்லை. அலுவலகம் சொன்னது காதில் இருந்தது. வார்டின் கோடியில் கடிகாரம் நின்று, வேண்டாம் என்று தலையை அசைத்ததும் தெரிந்தது.

"அந்த அட்டை என்னைத் தேடறதுக்காகத் தொங்கல," என்றாள். "கட்டரை நான் எடுத்ததுக்கு அடையாளமாத் தொங்கிச்சு. நீங்க என்னை எழுப்பினப்ப கட்டர் என் பையில இருந்தது."

தங்கச்சி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"

"இருபது நிமிஷம்."

"அதுக்கு முன்னாடி எப்பத் தூங்கினீங்க?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ராத்திரி."

தையற்காரி விரல் அட்டையின் ஓரத்தைத் தையல் பிரிப்பது மாதிரித் தடவிக்கொண்டே இருந்தது.

"அண்ணன் விழுந்தப்ப மேஸ்திரியை நான் இதேதான் கேட்டேன்," என்றாள். "ரெண்டு ஷிப்டு சேர்த்து ஏத்தியிருந்தாங்க அவனை. தூக்கத்துல கால் வழுக்கிடுச்சுன்னு ஒப்புக்க அந்த ஆளுக்கு வாய் வரல. நீங்க ஒப்புக்கிட்டீங்க." குனிந்து பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அதனால எனக்கு என்ன டாக்டர்? ஒப்புக்காத ஆளைத் திட்டவாவது முடிஞ்சது."

தங்கச்சி பதினோராம் கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தாள்.

"இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு. நிமிர்ந்து நிக்கிற கம்பி. ராத்திரியெல்லாம் கை வெட்டிட்டே இருக்கு. சொல்லிக்குடுக்காமலே இருந்திருக்கலாம் நீங்க."

அவள் அட்டையைத் திருப்பித் தரவில்லை. நோட்டுக்குள் வைத்தாள், நோட்டைப் பைக்குள் வைத்தாள், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வார முடிவில் ஸ்டோரிலிருந்து வார்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு புதுக் கட்டர். ஆறு கடிதமும் ஒரு கோப்புக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்ததை அக்கா கண்டெடுத்தாளாம். வாங்கியதற்கு முக்காலி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அட்டை எண் என்ற இடத்தில் பேனா நின்றது. புது அட்டை இன்னும் வரவில்லை. அதற்காக எடுத்த படத்தில் அவள் சிரித்திருக்கவில்லை.

இரண்டாம் வருடத்தை அவள் மறுபடி படித்தாள். அதே ஆறரை, அதே கொக்கி, அதே ஸ்டூல். ஒன்றே ஒன்றுதான் மாறியது. யாருக்குத் தாடை கட்டினாலும், துணைக்கு வந்தவரைத் தலைமாட்டில் நிறுத்தி, நாலு கம்பியையும் தொட்டுக் காட்டச் சொன்னபின் இன்னொன்றும் சொல்வாள்.

"இப்ப கண்ணை மூடிட்டுக் கையை நீட்டுங்க. என்ன கிடைக்குதுன்னு சொல்லுங்க."

கட்டர் என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். சொன்ன பிறகும் சில சமயம் நகர மாட்டாள். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டு, உள்ளே எதுவும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.